மேல்தோல் மட்டும்தான் தெரியும்! – கல்லும் மண்ணும் கேள்வி பதில்

போன இதழில், 'விமானத்தில் பறந்தபடியே தரையில் எந்தக் கனிமம் எங்கே இருக்கிறது என்று வரைபடம் போட்டுவிடலாம்' என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தேன். அந்த ஒரு வரிக்கு இத்தனை கடிதங்கள் வரும் என்று நினைக்கவில்லை. அதனால் இந்த முறை வேறு கேள்விகள் கிடையாது. ஒரே மாதிரிக் கேள்விகளை ஒன்றாகச் சேர்த்துவிட்டேன்.

கேள்வி: அவ்வளவு உயரத்திலிருந்து பார்த்தால் கல் கல்லாகத்தானே தெரியும்? இது இன்ன கனிமம் என்று எப்படிச் சொல்கிறார்கள்? – சேலம் வாசகர்

நீங்கள் சேலத்துக்காரர் என்பதால் எனக்கு வேலை சுலபம். ஏற்காடு மலைக்குக் கீழே வெள்ளை வெளேரென்று கிடக்கும் மேடுகளைப் பார்த்துத்தான் வெள்ளைக்காரர்கள் 'சாக் ஹில்ஸ்' என்று பெயர் வைத்தார்கள். அது சாக்கும் இல்லை, சுண்ணாம்பும் இல்லை. மேக்னசைட். நாம் பொதுவாக 'வெள்ளைக்கல்' என்று சொல்லிவிடுகிறோம். என் அப்பா அந்தச் சுரங்கமொன்றில் கணக்கு எழுதியவர். வீட்டு வாசற்படிக்குப் பக்கத்தில் எப்போதும் நாலைந்து வெள்ளைக்கல் கிடக்கும். அதில் எது மேக்னசைட், எது டோலமைட், எது சுண்ணாம்புக்கல் என்று கல்லூரிக்குப் போகும்வரை எனக்குத் தெரியாது. கண்ணுக்கு மூன்றும் வெள்ளைதான்.

கண்ணுக்குத்தான் வெள்ளை. நம் கண் பார்ப்பது அலைநீளம் ஏறக்குறைய 400 முதல் 700 நானோமீட்டர் வரையுள்ள ஒளி (ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சமாகப் பிரித்தால் ஒரு பங்குதான் நானோமீட்டர்). அதாவது வானவில்லின் முழு அகலமே 300 நானோமீட்டர்தான். வெயிலில் அதைத் தாண்டியும் ஒளி இருக்கிறது, அகச்சிவப்பு என்கிறோம். அதில் 2,500 நானோமீட்டர் வரை பார்க்கக்கூடிய கண் ஒன்று இருந்தால், இந்த மூன்று கல்லும் மூன்று நிறம். கார்பனேட் என்கிற அணுக்கூட்டம் அதிர்வதற்காக 2,300 நானோமீட்டர் பக்கத்தில் கொஞ்சம் ஒளியை விழுங்கிக்கொள்ளும். திரும்பி வரும் ஒளியின் அளவை ஒரு கோடாக வரைந்தால் அந்த இடத்தில் ஒரு பள்ளம் விழும். கூட இருப்பது மெக்னீசியமா கால்சியமா என்பதைப் பொறுத்துப் பள்ளம் இடம் மாறும். மேக்னசைட்டுக்கு 2,300 பக்கம், டோலமைட்டுக்கு 2,320, சுண்ணாம்புக்கல்லில் இருக்கும் கால்சைட்டுக்கு 2,340. டோலமைட்டில் கால்சியம், மெக்னீசியம் இரண்டும் உண்டு, அதனால் பள்ளமும் நடுவில் நிற்கிறது. எனக்கு இது இன்றைக்கும் சந்தோஷம் தருகிற விஷயம்.

ஆக, 20 நானோமீட்டர் வித்தியாசத்தைப் பிடிக்கிற கருவி வேண்டும். உங்கள் செல்போன் கேமரா ஒளியைச் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்றே கூறாகப் பார்க்கிறது. நாசாவின் ஜேபிஎல் ஆய்வுக்கூடம் செய்த 'அவிரிஸ்' என்ற விமானக் கருவி 224 கூறாகப் பார்த்தது. ஒவ்வொன்றும் சுமார் 10 நானோமீட்டர் அகலம். அதற்கு அடுத்து வந்த 'அவிரிஸ்-என்ஜி' ஒவ்வொரு 5 நானோமீட்டருக்கும் ஒரு கூறு, மொத்தம் நானூறுக்கு மேல். இப்படித் தரையின் ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரு முழுக்கோடு கிடைக்கும். அந்தக் கோட்டை, ஆய்வகத்தில் முன்பே அளந்து வைத்திருக்கும் கனிமக் கோடுகளோடு ஒப்பிட வேண்டும். அமெரிக்க நிலவியல் துறை இதற்கென்றே ஒரு பெரிய கோட்டு நூலகம் வைத்திருக்கிறது. ஒப்பிடுவதற்கு 'டெட்ராகார்டர்' என்று மென்பொருளும் எழுதியிருக்கிறார்கள்.

கயோலினைட் களிமண்ணுக்கு 2,200 பக்கத்தில் ஒரு பெரிய பள்ளமும் ஒட்டினாற்போல் ஒரு சின்னப் பள்ளமும் இருக்கும், மாடிப்படி மாதிரி. காக்காப்பொன்னுக்கு அதே இடத்தில் ஒற்றைப் பள்ளம். ஒரு மாதம் இந்தக் கோடுகளோடு குடித்தனம் நடத்தினால் மனிதர்களின் கையெழுத்து மாதிரிப் பழகிவிடும்.

கேள்வி: இது முதலில் எங்கே செய்யப்பட்டது? – திருச்சி கல்லூரி மாணவர்

அமெரிக்காவின் நெவாடா மாநிலத்தில் 'கியூப்ரைட்' என்று ஓர் இடம். ஒரு காலத்தில் சுரங்க ஊர், இப்போது ஆளில்லை. 95ஆம் எண் நெடுஞ்சாலை நடுவே போகிறது. இரண்டு பக்கமும் மொட்டை மேடுகள். பல லட்சம் ஆண்டுகளுக்கு முன் வெந்நீரும் ஆவியும் பாறைக்குள் ஏறிப் பாறையையே வேக வைத்துவிட்ட இடம் அது. அதனால் அலுனைட், கயோலினைட், சிலிக்கா என்று கனிமங்கள் திட்டுத்திட்டாகக் கிடக்கின்றன. மழை குறைவு, செடி குறைவு. சங்கீதம் படிக்கிறவர்கள் எல்லோரும் சரளி வரிசையில் ஆரம்பிக்கிற மாதிரி, புதிதாக வருகிற கருவிகள் இந்தக் கியூப்ரைட் மேல் ஒரு முறை பறந்து காட்டுவது வழக்கமாகிவிட்டது.

1980களில் அலெக்சாண்டர் கோட்ஸ் என்பவரும் சகாக்களும் அவிரிஸுக்கு முந்தைய ஒரு கருவியை அங்கே பறக்கவிட்டார்கள். வந்த கோடுகளில் ஒன்று இடித்தது. 2,120 நானோமீட்டரில் பள்ளம். அலுனைட்டுக்கோ கயோலினைட்டுக்கோ அந்த இடத்தில் பள்ளம் விழாது. கடைசியில் அது பட்டிங்டோனைட் என்று தெரிந்தது. ஃபெல்ட்ஸ்பார் என்ற சாதாரணக் கனிமத்தில் பொட்டாசியம் உட்காரும் இடத்தில் அம்மோனியம் உட்கார்ந்திருக்கும் கனிமம். 1964இல்தான் அதற்குப் பெயரே வைத்தார்கள். கையில் எடுத்துப் பார்த்தால் வெளிறிய கல், அவ்வளவுதான். அந்த மேட்டில் எத்தனையோ நிலவியல்காரர்கள் நடந்திருக்கிறார்கள். ஒருவர் கண்ணிலும் அது படவில்லை. மேலே பறந்த கருவிக்குத்தான் பட்டது. இந்தத் துறைக்கு நான் வந்ததற்கே இந்தக் கதைதான் காரணம்.

கேள்வி: தங்கம் இருக்கிற இடத்தை இப்படிக் கண்டுபிடிக்கலாமா? எங்கள் காட்டின் மேல் ட்ரோன் விட்டுத் தங்கம், கிரானைட், தண்ணீர் எல்லாம் சொல்வதாக ஒருவர் பணம் கேட்கிறார். – தர்மபுரி மாவட்ட வாசகர்

கொடுக்காதீர்கள்.

தங்கத்துக்கு மேலே சொன்ன மாதிரிப் பள்ளம் எதுவும் கிடையாது. இருந்தாலும் பயனில்லை. ஒரு டன் பாறையில் சில கிராம் தங்கம் இருந்தாலே சுரங்கம் வைக்கிறார்கள்; அந்தச் சில கிராமை மேலேயிருந்து எந்தக் கருவியும் பார்க்காது. பார்க்க முடிவது தங்கத்தை அல்ல, தங்கம் வந்த தடத்தை. கியூப்ரைட்டுக்கு வடக்கே கோல்ட்ஃபீல்ட் என்ற பழைய தங்கச் சுரங்க ஊர் இருக்கிறது. அங்கே தங்கம் கொண்டுவந்த வெந்நீர், சுற்றியிருந்த பாறையை அலுனைட்டாகவும் களிமண்ணாகவும் மாற்றிவிட்டுப் போனது. கல்யாணம் முடிந்த மண்டபத்து வாசலில் வாழைமரம் கிடக்கிற மாதிரி. வாழைமரம் கண்ணில் படும், மாப்பிள்ளை உள்ளே இருக்கிறாரா என்று அதை வைத்துச் சொல்ல முடியாது. அலுனைட் இருக்கும் பெரும்பாலான இடங்களில் தங்கம் இல்லை.

கேள்வி: எவ்வளவு ஆழம் வரை தெரியும்? – பல ஊர் வாசகர்கள்

இதைத்தான் அதிகம் பேர் கேட்டிருக்கிறீர்கள். ஒருவர் '100 அடி?' என்று எழுதியிருந்தார். 100 அடியெல்லாம் இல்லை. ஒரு தலைமுடியின் தடிமன் அளவு, அவ்வளவுதான். சில கனிமங்களில் அதற்குக் கொஞ்சம் கூடுதல்.

வெயில் கல்லின் மேல் விழுந்து அந்த மேல்தோலுக்குள் மட்டும் புகுந்து திரும்புகிறது. அதனால் கல்லின் மேல் எது ஒட்டியிருக்கிறதோ அதுதான் தெரியும். பிரியாணிக்குப் போடுகிற கல்பாசி படர்ந்திருந்தால் கல்பாசிதான் தெரியும். புல் முளைத்திருந்தால் புல். நம் ஊர்ப் பக்கம் சீமைக்கருவேலம் மூடிய நிலத்தில் பறந்தால் அருமையான சீமைக்கருவேல வரைபடம் கிடைக்கும். மொட்டைப் பாலைவனங்களில் இந்த வேலை அதிகம் நடப்பதற்குக் காரணம் அதுதான். ஆப்கானிஸ்தானை எடுத்துக்கொள்ளுங்கள். 2007 ஆகஸ்டிலிருந்து அக்டோபர் தொடக்கம் வரை, 43 நாளில் 28 முறை பறந்து, நாட்டில் 70 சதவீதத்துக்கும் மேலான பரப்பை 'ஹைமேப்' என்ற கருவியால் படம் பிடித்தார்கள். நாசாவின் டபிள்யூபி-57 விமானம், உயரம் 50,000 அடி. தமிழ்நாட்டைப் போல் மூன்று மடங்குக்கும் அதிகமான நிலம். கீழே சண்டை நடந்துகொண்டிருந்த இடங்களில் சுத்தியலும் பையுமாக யார் போவது? மேலே பறப்பது ஒன்றுதான் வழி.

இன்னொரு குறை, இதைச் சொன்னால் யாரும் நம்புவதில்லை. வெங்கச்சங்கல், அதாவது குவார்ட்ஸ், இந்தக் கருவிகளுக்குத் தெரியாது. உலகத்தில் எங்கு பார்த்தாலும் கிடக்கிற கல், ஆனால் 2,500 நானோமீட்டர் வரைக்கும் அதற்குச் சொந்தமாக ஒரு பள்ளம் கிடையாது. அதைப் பிடிக்க வேண்டுமானால் 8,000 முதல் 12,000 நானோமீட்டர் வரையுள்ள வெப்பக் கதிரைப் பார்க்கும் வேறு கருவி வேண்டும்.

அப்புறம் காற்று. நமக்கும் தரைக்கும் நடுவில் இருக்கிற நீராவி 1,400 பக்கத்திலும் 1,900 பக்கத்திலும் ஒளியை ஒட்டுமொத்தமாகக் குடித்துவிடும். அந்த இரண்டு இடத்திலும் கோட்டை வெட்டி எறிந்துவிட்டு மீதியில் வேலை செய்ய வேண்டியதுதான்.

கேள்வி: நிலவியல் முதலாண்டு படிக்கிறேன். விமானமே எல்லாம் செய்துவிட்டால் எங்களுக்கு என்ன வேலை இருக்கும்? நீங்கள் என்ன வேலை செய்தீர்கள்? – மதுரை மாணவி

நல்ல கேள்வி அம்மா. கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

2015 டிசம்பரிலிருந்து 2016 மார்ச் வரை இஸ்ரோவும் நாசாவும் சேர்ந்து அவிரிஸ்-என்ஜியை இஸ்ரோவின் பி-200 விமானத்தில் வைத்து இந்தியாவில் 57 இடங்களில் பறக்கவிட்டார்கள். கனிமத்துக்காகப் பறந்த இடங்களில் ராஜஸ்தானின் பில்வாரா மாவட்டத்து ஜஹாஸ்பூரும் ஒன்று. அந்த மாவட்டத்தில் டால்க் கிடைக்கிறது. டால்க் என்றால் யோசிக்க வேண்டாம்: நம் மாக்கல்லில் இருப்பது. கல்சட்டியும் ஸ்லேட்டுப் பலப்பமும் அதில் செய்ததுதான். அதன் பள்ளம் 2,310 பக்கம்.

ஓய்வு பெறுவதற்கு முன் நான் கடைசியாகப் போன களப்பணி அந்தப் பக்கம்தான். வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு, அதில் காட்டியது தரையில் உண்மையிலேயே இருக்கிறதா என்று பார்க்கிற வேலை. முதுகில் ஒரு கருவி, கையில் துப்பாக்கி மாதிரி ஒரு பிடி, அதன் நுனியில் ஒளி வாங்கும் கண்ணாடி இழை. காலை 10 மணியிலிருந்து மதியம் 2 மணி வரைதான் அளக்கலாம், வெயில் உச்சியில் இருக்க வேண்டும். ஒரு துண்டு மேகம் வந்தாலும் உட்கார்ந்துவிட வேண்டும். வெளிர் நிறச் சட்டை போடக்கூடாது, சட்டையில் பட்ட ஒளி கல் மேல் விழுந்து அளவைக் கெடுக்கும். ராஜஸ்தான் வெயிலில் கறுப்புச் சட்டை போட்டு நின்றால் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பார்.

கருவியோடு உள்ளங்கை அகலத்தில் ஒரு வெள்ளைப் பலகை தருவார்கள். எல்லா ஒளியையும் ஏறக்குறைய அப்படியே திருப்பி அனுப்பும். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை அதை அளந்துவிட்டுத்தான் கல்லை அளக்க வேண்டும், தராசில் முள்ளைச் சரிபார்க்கிற மாதிரி. நான்ஸ்டிக் தவாவில் பூசுகிறார்களே, அதே வகைப் பொருள். ஆனால் விலையைக் கேட்டால் தவா வாங்கவே பயம் வரும். மூன்றாம் நாள், ஆர்வமாகப் பார்க்க வந்த ஒரு பையன் அதன் நடுவில் கட்டைவிரலை அழுத்திவிட்டான். விரலில் எண்ணெய். அதற்கப்புறம் அளந்த கல்லிலெல்லாம் அவன் தலையில் தடவியிருந்த எண்ணெயின் தடமும் சேர்ந்தே வந்தது. ஒரு நாள் வேலை போச்சு. ராத்திரி தங்குமிடத்தில் உட்கார்ந்து நைசான உப்புத்தாளில் தண்ணீர் விட்டுத் தேய்த்துச் சரி செய்தேன்.

அந்த வரைபடத்தில் டால்க்குக்கு ஊதா நிறம் கொடுத்திருந்தோம். ஓரிடத்தில் ஊதாப் பட்டை ஒன்று மெல்லிசாக, நேராக, ஒரு கிலோமீட்டருக்கு மேல் நீண்டது. பாறை நசுங்கி நழுவிய வலயங்களில் டால்க் இப்படி நீளமாகக் கிடைப்பது உண்டு. 'நழுவு வலயம்?' என்று குறிப்பேட்டில் எழுதி, அடியில் இரண்டு கோடும் போட்டேன். கட்டுரை எழுதுவதாகக்கூட மனசில் ஓடியது. ஜீப் ஓட்டிய பெரியவரிடம் இடத்தைக் காட்டினேன். அவர் ஒன்றும் பேசாமல் கொண்டுபோய் நிறுத்தினார்.

சாலை. பொடி ஏற்றிப்போன லாரிகள் இரண்டு ஓரத்திலும் சிந்திக்கொண்டே போயிருக்கின்றன. வேலியும் முள்ளும் எல்லாம் வெள்ளையாக, மாவு மில் வாசல் மாதிரி. பெரியவர் சிரிக்கவில்லை, அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது.

இதில் விமானம் தப்பு செய்யவில்லை, கவனி. மேல்தோலில் டால்க் இருக்கிறது என்று சொன்னது, இருந்தது. அதை நழுவு வலயம் என்று படித்தது நான். உனக்கு என்ன வேலை இருக்கும் என்று கேட்டாயே, இதுதான்.

கேள்வி: சுரங்கம் தவிர வேறு எதற்காவது பயன்படுகிறதா? – கோவை வாசகர்

சுரங்கம் மூடிய பிறகுகூடப் பயன்படுகிறது. கொலராடோ மாநிலத்தின் லெட்வில் ஊர், வெள்ளியும் ஈயமும் எடுத்துக் களைத்துப்போன ஊர். எடுத்த பாறைக் கழிவைக் குவியல் குவியலாகப் போட்டுவிட்டுப் போய்விட்டார்கள். அதில் பைரைட் இருக்கும். இரும்பும் கந்தகமும் சேர்ந்த கனிமம். மழையும் காற்றும் பட்டால் அமிலமாகிக் கன உலோகங்களைக் கரைத்து ஆற்றில் விடும். எந்தக் குவியல் அதிகம் அமிலம் விடுகிறது என்று ஒவ்வொன்றாகப் போய்ப் பரிசோதித்தால் வருடக்கணக்காகும். 1995இல் அவிரிஸ் எடுத்த படத்தில் ஜாரோசைட் என்ற மஞ்சள் கனிமத்தைத் தேடினார்கள். அமிலம் கடுமையாக இருந்தால்தான் அது உண்டாகும். அமிலம் குறையக் குறைய அதைச் சுற்றி கோதைட் போன்ற வேறு கனிமங்கள் வளையமாக வரும். அந்த வளையங்களின் நடுவில் இருந்த குவியல்களை முதலில் கவனித்தார்கள்.

2001 செப்டம்பரில் நியூயார்க் கோபுரங்கள் விழுந்த சில நாளில், 16 முதல் 23ஆம் தேதிக்குள் நான்கு நாட்கள் இதே கருவியை அங்கே பறக்கவிட்டார்கள். தூசியில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கிறதா என்று பார்க்கத்தான் முக்கியமாகப் போனது. இடிபாட்டுக்குள் நெருப்பு எங்கெங்கே கனன்றுகொண்டிருந்தது என்பதும் சேர்ந்தே தெரிந்தது.

கேள்வி: எங்கள் கடற்கரைக் கருமணலை இந்த முறையில் பார்க்கலாமா? – மணவாளக்குறிச்சி வாசகர்

உங்கள் கருமணலில் இருக்கும் இல்மனைட் என்ற கனிமம் கறுப்பு. எல்லா ஒளியையும் விழுங்கிவிட்டுக் கோட்டைத் தட்டையாக்கிவிடும், பள்ளம் தேடினால் கிடைக்காது. உங்கள் மணலுக்கு வேறு வழி இருக்கிறது. அதில் கலந்திருக்கும் மோனசைட் என்ற கனிமத்தில் தோரியம் என்ற கதிரியக்க உலோகம் உண்டு, அது காமா கதிர் விடும். தாழப் பறந்து அந்தக் கதிரை எண்ணும் கருவி தனி. அது ஒரு சாண், ஒன்றரைச் சாண் ஆழம் வரை 'பார்க்கும்'. அதைப் பற்றி இன்னொரு முறை.

கேள்வி: எங்கள் சித்தம்பூண்டிக் கல்லுக்கும் நிலாவுக்கும் உறவு என்கிறார்களே, உண்மையா? – நாமக்கல் வாசகி

உண்மைதான். உங்கள் ஊரில் இருப்பது அனார்த்தோசைட். நிலாவின் வெளிர் மேடுகளும் பெரும்பாலும் அதே வகைப் பாறை. சந்திரயான்-2க்கு முன்னால் நிலா மண் மாதிரி ஒன்று தேவைப்பட்டபோது, உங்கள் ஊர்ப் பக்கத்துக் கல்லை எடுத்து அரைத்துத்தான் இஸ்ரோ செய்தது. கேள்விக்குள் இன்னொரு உறவும் இருக்கிறது. 2008இல் போன சந்திரயான்-1இல் நாசாவின் 'எம்3' என்ற கருவி இருந்தது. நான் மேலே எழுதிய அதே வேலை, விமானத்துக்குப் பதில் விண்கலம். நிலா மண்ணில் நீரின் அடையாளம் இருப்பதாக 2009இல் அறிவித்தார்களே, அது 2,800 முதல் 3,000 நானோமீட்டர் பக்கத்தில் தெரிந்த பள்ளத்தை வைத்துத்தான். நிலாவில் காற்று இல்லை. நடுவில் நீராவி நுழைந்து கோட்டைக் கெடுக்கிற தொல்லையும் இல்லை. கருப்புச் சட்டையும் தேவைப்படவில்லை.

கேள்வி: விமானம் எல்லாம் எங்களுக்கு எதற்கு? வீட்டில் கிடக்கும் வெள்ளைக்கல் எது என்று பார்க்க வழி உண்டா? – ஓமலூர் வாசகர்

உண்டு. முதலில் உடைந்த கண்ணாடிச் சில்லில் கல்லால் அழுத்திக் கீறுங்கள். கோடு விழுந்தால் வெங்கச்சங்கல், அதோடு விட்டுவிடலாம். விழாவிட்டால் பள்ளிக்கூட ஆய்வகத்தில் நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஒரு சொட்டு கேளுங்கள். ஆசிரியர் பக்கத்தில் இருக்கட்டும், கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். உடனே சுர்ரென்று நுரைத்தால் சுண்ணாம்புக்கல். நுரைக்காவிட்டால் ஆணியால் கொஞ்சம் சுரண்டிப் பொடியாக்கி, பொடியின் மேல் விடுங்கள். மெதுவாகக் குமிழ் வந்தால் டோலமைட். அதற்கும் அசையாமல், அமிலத்தைச் சூடாக்கிய பிறகு நுரைத்தால் மேக்னசைட். ஓமலூர் என்பதால் கடைசியாகச் சொன்னதற்கு வாய்ப்பு அதிகம்.